இன்ட்ரஸ்ட் இல்ல மிஸ்

போன கிழமை சீகிரியாவில் மழைக்கு மாட்டிக்கொண்டேன்.

நான் காப்புறுதிக் கம்பனிக்காரன் என்பது இந்தப் பக்கத்தை வழமையாகப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். மாத்தளை மாவட்டத்தில் எங்கேயாவது ஒரு வாகனம் எதிலாவது மோதினால், மோட்டார் சைக்கிளில் போய், நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து, உதட்டைப் பிதுக்குவது என் உத்தியோகம். அன்றைக்கு ஒரு த்ரீவீல். மதகில் மோதியிருந்தது. சாரதிக்கு ஒரு கீறலும் இல்லை, வாகனத்துக்குத்தான் முகமே இல்லை. யானை குறுக்கே வந்தது என்று சிங்களத்தில் சத்தியம் பண்ணினார் மனிதர். அந்தப் பக்கத்து விபத்துகள் எல்லாவற்றிலும் ஒரு யானை வந்துவிடும்... என் போட்டோவில் மட்டும் ஒருநாளும் விழாது.

அவர் யானையின் உயரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டல். அதன் போர்ட்டிகோவுக்குள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ஹெல்மெட்டைக் கழற்றினேன். ரிசப்ஷனில் இருந்து ஒரு பெண்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு கோட், கழுத்தில் ஸ்கார்ஃப். வாகனத்தை இங்கே விடக்கூடாது என்று சொல்லத்தான் எழுந்து வருகிறாள் என நினைத்து, சிங்களத்தில் ஒரு மன்னிப்பைத் தயார்பண்ணி வைத்தேன்.

"சேர், நீங்க சுகந்தி மிஸ்ஸோட வீட்டுக்காரர்தானே?" என்றாள், தமிழில்.

சுகந்தி என் மனைவி. இந்தப் பிள்ளை தர்ஷினி. மலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு சுகந்தி கெமிஸ்ட்ரி படிப்பித்த காலத்தில் அவளிடம் படித்தவள். நான் காலையில் சுகந்தியை கேற்றடியில் இறக்கிவிட்டுத் திரும்புகிறவன் என்பதால் என் முகம் அவளுக்கு ஞாபகம். எனக்கு அவளுடைய முகத்தை விடப் பெயர்தான் ஞாபகம். பின்னே, எங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டில் அந்தப் பெயர் அடிபடாத நாள் குறைவு. இன்றைக்கு தர்ஷினி இதைக் கேட்டாள், இன்றைக்கு தர்ஷினி அதைக் கேட்டாள், எனக்கே பதில் தெரியவில்லை, வீட்டுக்கு வந்துதான் தேடிப் பார்த்தேன்... இந்தப் பிள்ளை ஒருநாள் வெள்ளைக் கோட் போடும் பாருங்கள் என்பாள் சுகந்தி. கோட் போட்டிருந்தாள், வாஸ்தவம்தான். நிறம்தான் வேறு.

டீ வந்தது. மிஸ் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். மனைவி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த கணவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. நான் ஆரம்பித்துவிட்டேன்.

உங்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சுகந்திக்கு கெமிஸ்ட்ரி என்றால் உயிர். பட்டமும் அதில்தான். பருப்பு கொதித்தாலும் காரணம் சொல்லுகிற ரகம். ஆனால் படிப்பித்துப் படிப்பித்து அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் கெமிஸ்ட்ரியில் தோற்பது கெமிஸ்ட்ரியால்தானா? காலை பஸ் வராததால் தோற்கிறார்கள். வீட்டில் விரித்துவைக்க மேசை இல்லாததால் தோற்கிறார்கள். பாடப்புத்தகத்துத் தமிழ் வாய்க்குள் நுழையாததால் தோற்கிறார்கள். பாதி வகுப்பு பாதி வழியிலேயே விஞ்ஞானத்தை விட்டுவிட்டுப் போகிறது. ஏன்? "கெமிஸ்ட்ரி மட்டும் தெரிஞ்சா இதுக்குப் பதில் கிடைக்காதுங்க" என்றாள். தேடித் தேடி நோர்வேயில் ஒரு மாஸ்டர்ஸ் படிப்பைக் கண்டுபிடித்தாள். கல்வி, மொழி, சமூகவியல் மூன்றையும் ஒன்றாக வைத்துப் படிக்கிற படிப்பு. புலமைப்பரிசிலும் கிடைத்தது.

என் ஒபிஸில் கூட வேலை செய்யும் ரிஸ்வான் நானா, மிஸ் இனி எந்தப் பாடம் என்று கேட்டார். எல்லாம் கலந்தது நானா என்றேன். "அச்சாறு மாதிரி" என்றார். சிரித்தேன். மனதுக்குள் பெருமைதான். அறிந்த பாடத்தை விட்டு அறியாத பாடத்துக்கு, அதுவும் நாற்பதை நெருங்கும்போது தாவுவதற்கு எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

போகும்முன் அவள் பயந்தது ஒன்றுக்குத்தான். வகுப்பு. எங்கள் பக்கத்தில் தமிழில் கெமிஸ்ட்ரி படிப்பிக்க ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் அதிசயமாக ஒரு கெமிஸ்ட்ரி சேருக்கு அந்தப் பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்தது. அவர் வந்து சேர்ந்ததைக் கண்ணால் கண்டு, குறிப்புகளையெல்லாம் அவர் கையில் கொடுத்த பிறகுதான் சுகந்தி பெட்டி கட்டினாள். அதற்குப் பிறகு பிரின்சிபலுக்குப் போன் எடுத்தபோதெல்லாம் அவரும், சமாளித்துக்கொள்கிறோம் மிஸ், நீங்கள் நிம்மதியாகப் படியுங்கள் என்றே சொன்னாராம்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேட அவள் எங்கும் போகவில்லை. மலையகப் பிள்ளைகள் விஞ்ஞானப் பிரிவை ஏன் பாதியில் விடுகிறார்கள்? அதுதான். தான் விட்டுவந்த வகுப்பிலும் பலர் கலைப்பிரிவுக்கு மாறிவிட்டதாக அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஆகவே அவர்களையே சூமில் பேட்டி கண்டாள். உன் மாணவர்கள் உன்னிடம் உண்மையைச் சொல்வார்களா என்று அங்கிருந்த பேராசிரியை ஒரு தடவை கேட்டாராம். என் பிள்ளைகள் என்னிடம் பொய் சொல்லமாட்டார்கள் என்று சுகந்தி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாளாம். போனில் அதை என்னிடம் சொல்லும்போதுகூட அவள் குரல் நிமிர்ந்துதான் இருந்தது.

முடிவு? பஸ், மேசை, மொழி எல்லாம் காரணங்கள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான காரணம், பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் குறைந்துபோவது. ஆய்வேட்டுக்கு நல்ல பெயர். திரும்பி வந்ததும் கல்வித் திணைக்களத்தார் சுகந்தியை வகுப்புக்கு அனுப்பவில்லை. இவ்வளவு படித்தவரை ஒரு வகுப்பறைக்குள் போட்டு வைக்கலாமா? பாடசாலை பாடசாலையாகப் போய் விஞ்ஞானத்தில் ஆர்வமூட்டும் செயலமர்வுகளை நடத்துகிற பொறுப்பைக் கொடுத்தார்கள். ஒரு பெரிய பேனர் இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு மலை மலையாக ஏறி இறங்குகிறாள். தன் பழைய பாடசாலைக்கு மட்டும் இன்னும் முறை வரவில்லை.

இதையெல்லாம்தான் தர்ஷினியிடம் அளந்துகொண்டிருந்தேன். ஆர்வம் குறைவு என்ற இடம் வந்ததும் அவள் முகம் மாறியது.

"அப்படியா எழுதிட்டாங்க?" என்றாள்.

நீங்கள் எல்லோரும் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறார் என்றேன்.

தர்ஷினி வெளியே மழையைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். புதிய சேர் வந்தது உண்மை. வந்து கொஞ்ச நாளிலேயே தன்னுடைய ஊர்ப்பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனதும் உண்மை. அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தாங்களாகவே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். கெமிஸ்ட்ரி இல்லாமல் விஞ்ஞானப் பிரிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரின்சிபல் ஒருநாள் கண்கலங்கி, பிள்ளைகளே, இனி என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். கண்டியில் சொந்தக்காரர் இருந்தவர்கள் கண்டிக்குப் போனார்கள். மற்றவர்கள் கலைப்பிரிவுக்கு. தர்ஷினிக்குக் கிடைத்தது தமிழ், புவியியல், இந்து நாகரிகம்.

அந்த நேரத்தில்தான் பேட்டி வேண்டும் என்று மிஸ்ஸிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. கலைக்கு மாறியவர்கள் எல்லோரும் தர்ஷினியின் வீட்டில் கூடியிருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம் என்று ஒருவன் சொன்னானாம். கூடாது என்று மறித்தவள் இவள்தான்.

"மிஸ் அங்க பனியில தனியா இருக்காங்க சேர். கிளாஸ மூடிட்டாங்கன்னு தெரிஞ்சா, படிப்ப அப்படியே போட்டுட்டு வந்துருவாங்க. அவங்க அப்படித்தான். அதான்... எங்களுக்கே இன்ட்ரஸ்ட் இல்லன்னு சொல்லிருவோம்னு எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம்."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

அவள் சொன்னது சரி. சுகந்தி வந்துதான் இருப்பாள். அடுத்த பிளேனில், பேராசிரியையிடம் சொல்லாமலேகூட வந்திருப்பாள். அந்தப் பிள்ளைகள் தங்கள் மிஸ்ஸை என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தார்கள்.

என்னிடம் தினமும் யாராவது பொய் சொல்கிறார்கள். அதைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம். யானை, மாடு, எதிரே வந்த லொறி, கண்ணை மறைத்த வெயில்... வில்கமுவவில் ஒருவர், நிறுத்தி வைத்திருந்த டிராக்டர் தானாகவே புறப்பட்டுப் போய்விட்டது என்றார். எல்லாம் எதையாவது பெற்றுக்கொள்வதற்காகச் சொல்கிற பொய். எதையோ இழப்பதற்காகக் கூடிப் பேசிப் பொய் சொன்னவர்களை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மிஸ்கிட்ட சொல்லிறாதீங்க சேர்."

மழை விட்டிருந்தது. த்ரீவீல்காரர் ரோட்டோரத்தில் எனக்காகக் காத்திருந்தார். என்ன முடிவு சேர் என்றார். யானைதான் என்று எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவரே பயந்துபோனார்.

வீட்டுக்கு வந்தால் ஹோல் முழுக்கப் பேனரை விரித்துவைத்து, கிழிந்த மூலையை சுகந்தி தைத்துக்கொண்டிருக்கிறாள். மறுநாள் எல்கடுவைப் பக்கம் ஒரு செயலமர்வாம். ஆர்வம் இல்லாத பிள்ளைகளுக்கு ஆர்வமூட்ட, ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு, படிப்பிப்பதை நிறுத்திய ஓர் ஆசிரியை பேனரோடு போகிறாள். இதை எப்படிச் சொல்வது?

சொல்லத்தான் வேண்டுமா என்றும் யோசித்தேன். நாம் ஒருவரை மதித்தால் அவரிடம் உண்மையைச் சொல்லமாட்டோம், கவனித்திருக்கிறீர்களா? டொக்டர் இப்போ எப்படி என்று கேட்டால், பரவாயில்லை டொக்டர் என்போம். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வோம். விருந்துக்குப் போன வீட்டில் பசி வயிற்றைக் கிள்ளினாலும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்போம். மிஸ் விளங்கியதா என்று கேட்டால் மொத்த வகுப்பும் விளங்கியது மிஸ் என்னும். மரியாதை என்கிறோம். அந்த மரியாதையை எந்த ஆய்வு முறையில் கழித்துப் பார்ப்பது?

சில நாள் சொல்லாமல்தான் இருந்தேன். அதுவும் ஒரு மரியாதைப் பொய் என்று பிறகுதான் உறைத்தது. அவளிடம் பொய் சொல்லும் கூட்டத்தில் நானும் ஓர் ஆள் ஆகிவிட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தர்ஷினி கேட்டுக்கொண்டதையும் சேர்த்து.

சுகந்தி அழவில்லை. கத்தியை நிறுத்தவும் இல்லை. கையிலிருந்த போஞ்சி முடியும்வரை நறுக்கினாள். பிறகு சொன்னாள்.

"பேட்டியில எல்லாரும் ஒரே வசனத்தைத்தாங்க சொன்னாங்க. 'எங்களுக்கே இன்ட்ரஸ்ட் இல்ல மிஸ்.' ஒரு சொல்கூட மாறல. நான் அத 'தெளிவான போக்கு'ன்னு எழுதினேன்."

அவள் போனது தப்பென்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். கேட்ட கேள்வி நல்ல கேள்வி. யாரோ ஒருவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. என்ன செய்வது, விடை அவளோடு சேர்ந்து பிளேன் ஏறிப் போயிருந்தது. அவள் அங்கே நூலகம் நூலகமாக அதைத் தேடினாள். இங்கே தோட்டத்து லயன் வரிசையில் ஒரு வீட்டில் பிள்ளைகள் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். யாரைக் கோபிப்பது? கோபிக்க ஓர் ஆள் கிடைத்தாலாவது மனது ஆறும்.

தர்ஷினியைப் பார்க்கவேண்டும் என்றாள். முந்தநாள் பௌர்ணமி, போயா லீவு. என் மோட்டார் சைக்கிளில் இருவரும் சீகிரியாவுக்குப் போனோம். வழியெல்லாம் பின்சீட்டில் இருந்து திட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். ஏ.எல். உயர்தரப் பரீட்சையைப் பாடசாலைக்குப் போகாமல் வெளியில் இருந்தும் எழுதலாம். பயோவுக்கு மாத்தளை டவுனில் தனக்குத் தெரிந்த ஒரு மிஸ் இருக்கிறார். பிசிக்ஸுக்கு ஒருவரைப் பிடித்துவிடலாம். கெமிஸ்ட்ரிக்குத்தான் அவளே இருக்கிறாளே. நெடுநாளைக்குப் பிறகு அவள் குரலில் பழைய மிஸ்ஸைக் கேட்டேன். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

ஹோட்டலில் மெனேஜரிடம் சொல்லிவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தாள் தர்ஷினி. சுகந்தியைக் கண்டதும் அந்தப் பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. மிஸ் மெலிந்துவிட்டீர்கள் என்றாள். ஆனால் சுகந்தி அந்தப் பேட்டிப் பேச்சை எடுத்ததும் தர்ஷினி என்னை ஒருமுறை பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை மிஸ், சேர் தப்பாக விளங்கிக்கொண்டார் என்றாள்.

சுகந்தி விடவில்லை. தன் திட்டத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தானே இங்கே வந்து படிப்பித்துத் தருவதாகச் சொன்னாள். எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்லை என்றாள். அது திட்டம் சொல்கிற குரல் இல்லை, கெஞ்சுகிற குரல்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் நிறைய ஜெர்மன்காரர்கள் வந்து இறங்கினார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு தர்ஷினி எழுந்து ஓடினாள். அவர்களுடைய பாஷையிலேயே வரவேற்றாள். ஏதோ ஒரு சொல்லில் தடுமாறி, தானே சிரித்து, வந்தவர்களையும் சிரிக்கவைத்து, ஒரு கிழவரின் பையை வாங்கி, இன்னொருவருக்கு சீகிரியா மலைக்குப் போகும் வழியைச் சொல்லி... நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்தச் சின்ன ஹோட்டலே அவள் கையில்தான் நடந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது, முகம் பூத்திருந்தது. மெனேஜர் தன்னைக் கொழும்புக்கு ஒரு கோர்ஸுக்கு அனுப்பப் போகிறார் என்றாள். ஜெர்மன் தானாகவே போனில் படித்தாளாம். கெமிஸ்ட்ரி, இந்து நாகரிகம், ஹோட்டல், ஜெர்மன். அவளும்தான் துறை மாறி மாறிப் படித்திருக்கிறாள். அதற்கு யாரும் மாஸ்டர்ஸ் கொடுப்பதில்லை.

"இப்ப எனக்கு இதுதான் மிஸ் புடிச்சிருக்கு" என்றாள். பிறகு, சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "கெமிஸ்ட்ரில எனக்கு இன்ட்ரஸ்ட் இல்ல மிஸ்."

சுகந்தி அவள் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். தினமும் பொய் கேட்கிறவன் நான். வாயைக் கேட்காமல் கண்ணைப் பார்க்கப் பழகியவன். இந்தப் பிள்ளை இந்த முறையும் பொய் சொல்லக்கூடாதா என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு சின்னப் பொய். ஒரே ஒரு யானை.

திரும்பிப் புறப்பட்டோம். நாவுலைக்குக் கிட்ட வரும்போது என் முதுகுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"அன்னைக்கு பொய் சொன்னா, எனக்குத் தெரியல. இன்னைக்கு உண்மையச் சொல்றா... தெரியுதுங்க."

பேராசிரியைக்கு எழுதிப் போடவேண்டும் என்றாள். எழுத என்ன இருக்கிறது? சுகந்தியின் ஆய்வு முடிவு இப்போதுதான் சரியாகியிருக்கிறது.